பிணைப்பின் வடிவும் கூட்டத்தின் போக்கும்

ஒரு கூட்டத்தார் சேர்ந்து ஒரு காரியத்தைச் செவ்வனே செய்து முடித்தால் அதற்கான புகழை அவர்களுடைய அறிவுக்கும் உழைப்புக்கும் வழங்குவதும், முடிக்க இயலாமல் தடுமாறினால் அந்தப் பழியை அவர்களுடைய சோம்பலின் மேலோ பிடிவாதத்தின் மேலோ சுமத்துவதும் உலக வழக்கு. தனி மனிதர்களின் குணதோஷங்களை எடைபோட்டே பழகிவிட்ட நமக்கு இதில் ஆட்சேபிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆயினும், ஆட்களில் ஒருவரையேனும் மாற்றாமல், அவர்களுடைய அறிவையோ நல்லெண்ணத்தையோ அணுவளவும் கூட்டாமலும் குறைக்காமலும், யார் யாரோடு தொடர்பு கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றி அமைத்தால், அதே கூட்டம் ஓர் ஏற்பாட்டில் விரைவாகவும் இன்னோர் ஏற்பாட்டில் மந்தமாகவும், ஓரிடத்தில் ஒருமித்தும் பிறிதோரிடத்தில் பிளவுபட்டும் நடந்துகொள்கிறது என்பதை, சென்ற எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் பரிசோதனைகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியிருக்கின்றன.

ஆட்களைப் புள்ளிகளாகவும், ஒருவரோடொருவர் கொண்ட தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்துகொண்டால் கிடைக்கும் சித்திரத்தை விஞ்ஞானிகள் வலைப்பின்னல் என்கிறார்கள். நான் செய்யத்தக்கது எது என்பது நீங்கள் செய்வதைப் பொறுத்தும், நீங்கள் செய்யத்தக்கது எது என்பது நான் செய்வதைப் பொறுத்தும் அமைந்திருக்கும் காரியங்களில், இருவரும் ஒருவர் செயலுக்கு மற்றவர் செயலைப் பொருந்த வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஒருங்கிணைவு என்று பெயர். சாலையின் எப்பக்கத்தில் வண்டியை ஓட்டுவது என்பதிலிருந்து, ஆற்று நீரை எந்த வாரத்தில் யார் வயலுக்குத் திருப்புவது என்பது வரையில் மனித வாழ்க்கையின் பெரும்பகுதி இவ்வகைப்பட்டதே. இந்த அத்தியாயத்தில் நாம் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுதான்: வலையின் வடிவம் ஒருங்கிணைவை எவ்வாறு எளிதாக்குகிறது, எவ்வாறு கெடுக்கிறது?

இக்கேள்வியை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் பவேலஸ் என்னும் உளவியல் அறிஞர். அவருடைய வழியைப் பின்பற்றி ஹெரால்ட் லெவிட் என்பவர் செய்து 1951-இல் வெளியிட்ட பரிசோதனை, அதன் எளிமையாலேயே இன்றும் நினைவுகூரத் தக்கதாக இருக்கிறது. அந்நிறுவனத்து மாணவர் நூறு பேர் ஐவர் கொண்ட இருபது குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவின் ஐவரும் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாலும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி இடையே தடுப்புப் பலகைகள் இருந்தன. பலகைகளில் இருந்த சிறு துவாரங்களின் வழியே எழுத்துச் சீட்டுகளை அனுப்பலாம். எந்தத் துவாரத்தைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்பது மட்டும் ஆராய்ச்சியாளரின் கையில் இருந்தது. ஆறு குறிகளில் ஐந்து மட்டுமே கொண்ட ஓர் அட்டை ஒவ்வொருவருக்கும் தரப்படும். ஐவரின் அட்டைகளிலும் பொதுவாக இருக்கும் ஒரே குறியை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வாறு பதினைந்து ஆட்டங்கள்.

துவாரங்களைத் திறந்தும் மூடியும் லெவிட் நான்கு வடிவங்களை உண்டாக்கினார். அவற்றில் இரண்டு நம் கவனத்துக்குப் போதும். ஒன்று வட்டம்: ஒவ்வொருவரும் இடப்புறத்தாரோடும் வலப்புறத்தாரோடும் மட்டும் பேசலாம். மற்றொன்று சக்கரம்: நடுவில் இருப்பவர் நால்வரோடும் பேசலாம், அந்த நால்வரோ நடுவில் இருப்பவரோடு மட்டுமே பேசலாம். சக்கரத்தில் அமர்ந்தவர்கள் சில ஆட்டங்களிலேயே ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள். ஓரத்து நால்வரும் தங்கள் செய்தியை நடுவருக்கு அனுப்புவார்கள்; நடுவர் விடையைக் கண்டு நால்வருக்கும் திருப்பி அனுப்புவார்; ஆக எட்டுச் சீட்டுகளில் காரியம் முடிந்தது. வட்டத்தில் அமர்ந்தவர்களோ மிக அதிகமான சீட்டுகளை அனுப்பினார்கள், அதிகமாகப் பிழையும் செய்தார்கள், கடைசிவரை நிலையான ஒரு முறைக்கு வந்து சேரவும் இல்லை.

இங்கே நுட்பமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கின்படி பார்த்தால் வட்டத்திலும் எட்டுச் சீட்டுகள் போதும். யாரேனும் ஒருவர் சேகரிப்பவர் என்று ஏற்பட்டுவிட்டால், செய்திகள் இருபுறமிருந்தும் கைமாறி அவரிடம் வந்து, விடை அதே வழியில் திரும்பிப் போகலாம். ஆனால் ஐந்து இடங்களும் ஒன்றுபோலவே இருக்கும் வட்டத்தில், அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிப்பதே தனி ஒரு ஒருங்கிணைவுப் பிரச்சினையாகிவிடுகிறது. சக்கரத்தில் அப்பிரச்சினை எழுவதற்கு முன்பே வடிவம் அதைத் தீர்த்து வைத்திருக்கிறது. ஆட்டங்கள் முடிந்தபின், உங்கள் குழுவில் தலைவர் யார் என்று கேட்டபோது, சக்கரத்தில் இருந்த 25 பேரில் 23 பேர் நடுவரையே சுட்டினார்கள். வட்டத்தில் 13 பேரே யாரையேனும் குறிப்பிட்டார்கள், அவர்கள் குறிப்பிட்டதும் ஐந்து இடங்களிலும் சிதறிக் கிடந்தது. நடுவில் உட்கார வைக்கப்பட்டவர் சுபாவத்திலேயே தலைமைக் குணம் படைத்தவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர் என்பதை நினைத்துப் பார்த்தால், தலைமை என்று நாம் வியந்து போற்றுவதில் எவ்வளவு பங்கு ஆளுக்குரியது, எவ்வளவு பங்கு ஸ்தானத்துக்குரியது என்ற சந்தேகம் எழாமல் இராது.

அப்படியானால் சக்கரமே சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? வேலையை அனுபவித்து மகிழ்ந்தீர்களா என்று கேட்டபோது, மிகுந்த உற்சாகம் தெரிவித்தவர்கள் தடுமாறிய வட்டத்தார்தாம். சக்கரத்தின் ஓரத்தில் இருந்தவர்கள் சலிப்பையே சொன்னார்கள். இந்த மனக்குறையை அற்பமென்று ஒதுக்கினாலும், அதே நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்குள் லீ கிறிஸ்டி, டங்கன் லூஸ், ஜோசையா மேஸி ஆகியோர் செய்த மற்றொரு பரிசோதனையை ஒதுக்க இயலாது. குறிகளுக்குப் பதிலாக இவர்கள் கோலிக்குண்டுகளைக் கொடுத்தார்கள். தெளிவான ஒரே நிறமுடைய குண்டுகளைக் கொடுத்தவரையில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. பின்னர், கலங்கலான நிறமும் கோடுகளும் கொண்ட, எந்தப் பெயரால் வர்ணிப்பது என்று திகைக்க வைக்கும் குண்டுகளைக் கொடுத்தார்கள். ஒருவர் பச்சை என்று எழுதியதை இன்னொருவர் நீலம் என்று எழுதியிருப்பார். இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதிரிக் குண்டாகவே இருக்கும். பிழைகள் மலிந்தன. ஆனால் ஆட்டங்கள் தொடரத் தொடர, வட்டத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் பொதுவான வர்ணனைகளை வளர்த்துக்கொண்டு பிழைகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். நடுவரைச் சுற்றி அமைந்த குழுவினரால் அவ்வாறு மீள முடியவில்லை.

இதன் காரணம் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. நடுவர் ஒருவரோடு மட்டும் பேசும் ஓரத்தார், மற்ற ஓரத்தார் எந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறார்கள் என்பதை ஒருபோதும் கேட்பதில்லை. நடுவரோ, இரண்டு வேறு சொற்கள் இரண்டு வேறு பொருள்களா, ஒரே பொருளின் இரண்டு பெயர்களா என்பதைத் தனியே இருந்து நிச்சயிக்க வேண்டியவராகிறார். அவர் தவறினால் தவற்றைக் கண்டு சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. வட்டத்தில் வீணென்று தோன்றிய அந்த மிகையான போக்குவரத்தே, ஒரே செய்தியை இருபுறமிருந்தும் ஒத்துப் பார்க்கும் வாய்ப்பை அளித்து, பொதுமொழி ஒன்று பிறப்பதற்கு இடம் கொடுத்தது. விடை தெளிவாக இருந்து, அதைத் திரட்டுவது ஒன்றே வேலையாக இருக்கும்போது குவிந்த வடிவம் மேலோங்குகிறது. விடையையே சேர்ந்து உருவாக்க வேண்டியிருக்கும்போது பரந்த வடிவம் மேலோங்குகிறது. பின்னர் மார்வின் ஷா என்னும் அறிஞர் இத்தகைய பரிசோதனைகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோதும், எளிய வேலைகளுக்குக் குவிந்த வலைகளும் சிக்கலான வேலைகளுக்குப் பரந்த வலைகளும் ஏற்றவை என்ற பொது முடிவே கிடைத்தது.

ஐந்து பேரிலிருந்து பெருங்கூட்டத்துக்குச் செல்வோமாயின், கணிப்பொறி நமக்குத் துணை வருகிறது. 1998-இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இருவர், அண்டை அயலாரோடு மட்டும் பிணைந்த ஒரு பெரிய வளையத்தில் தொலைவிலுள்ளவர்களை இணைக்கும் சில குறுக்கிழைகளை மட்டும் சேர்த்தாலே, எவரிடமிருந்தும் எவருக்கும் உள்ள தூரம் வியக்கத்தக்க அளவில் சுருங்கிவிடுகிறது என்று காட்டியிருந்தார்கள். இத்தகைய வலைகளில் மெய்யான மனிதர்களை அமர்த்திப் பார்த்தால் என்ன நேரும் என்பதை அறிய, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கெர்ன்ஸும் அவருடைய சகாக்களும் 38 பேரைத் தனித்தனிக் கணிப்பொறிகளின் முன் உட்கார வைத்து ஒரு விளையாட்டை நடத்தி, முடிவுகளை 2006-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் வலையில் ஒரு புள்ளி. தமக்குரிய நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தம்மோடு நேரே பிணைந்தவர்களின் நிறம் மட்டும் தமக்குத் தெரியும். பிணைந்த இருவர் ஒரே நிறத்தில் இல்லாதபடி எல்லாரும் ஐந்து நிமிஷங்களுக்குள் அமைந்துவிட்டால் வெற்றி.

தனி வளையத்தில் இந்த ஆட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வரவேண்டும். வளையத்தின் ஒரு பகுதியார் ஒரு வரிசையிலும் எதிர்ப்பகுதியார் அதற்கு நேர்மாறான வரிசையிலும் தொடங்கிவிட்டால், இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடங்களில் அடுத்தடுத்து இருவர் ஒரே நிறத்தோடு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் மனமிரங்கித் தம் நிறத்தை மாற்றினால் அந்த முரண் தீர்வதில்லை, அவருக்கு அடுத்தவரிடம் இடம்பெயர்கிறது. எதிர்த்திசையிலிருந்து வரும் மற்றொரு முரணைச் சந்திக்கும்போதுதான் இரண்டும் ஒருங்கே அழியும். எல்லாரும் விவேகிகளாக இருந்தும், எல்லாரும் விட்டுக்கொடுத்தும், முரண் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். குறுக்கிழைகள் சேர்ந்தபோதோ, ஒருவர் தம் பக்கத்து வரிசையை மட்டுமன்றித் தொலைவிலுள்ளோர் பின்பற்றும் வரிசையையும் ஓரளவு உணர முடிந்தது. ஆகவே விரைவில் முடித்தார்கள். பலரோடு பிணைந்த இரண்டு தலைவர்களை வளையத்துக்குள் வைத்தபோது இன்னும் விரைவாக முடித்தார்கள். தலைவர்களின் நிறம் நிலைத்தவுடன் மற்றவர்களுக்கு அதுவே அளவுகோலாயிற்று.

ஆனால், செல்வர்க்கே செல்வம் சேருவதுபோல் முன்பே பல பிணைப்புடையவர்களிடமே புதிய பிணைப்புகள் சென்று சேரும் முறையால் வளர்க்கப்பட்ட வலைகளில் நிலைமை தலைகீழாயிற்று. அங்கே தூரங்கள் குறுகியவைதாம். எனினும் அவ்வலைகளையே நிறந்தீட்டுவது மிகக் கடினமாக இருந்தது. இரண்டு நிறங்கள் போதாமல் அதிகம் தேவைப்பட்டன என்பது ஒருபுறம் இருக்க, பலரோடு பிணைந்தவர் ஒருமுறை மனம் மாறினால் அவரைச் சூழ்ந்த பலருடைய ஏற்பாடுகளும் ஒரே நொடியில் குலைந்துவிடுகின்றன என்பதை எளிதில் ஊகிக்கலாம். இதனினும் விநோதமானது ஒன்று உண்டு. அண்டையாரை மட்டும் காட்டாமல், வலை முழுவதையும் அனைவருடைய நிறங்களையும் ஒவ்வொருவர் கண்முன்னும் விரித்துக் காட்டினால், வளைய வகை வலைகளில் ஆட்டம் விரைவுபட்டது. செல்வர்க்குச் சேரும் வலைகளிலோ மேலும் மந்தமாயிற்று. வளையத்தில் முழுச் சித்திரமும் ஓர் ஒழுங்கைப் பளிச்சென்று காட்டுகிறது. மற்றதில் அது கண்ணைக் குழப்பும் நூற்சிக்கலாகவே தோன்றுகிறது. செய்தி அதிகமானால் விவேகம் அதிகமாகும் என்ற நம்பிக்கையைத் தாரக மந்திரமாகக் கொண்ட இக்காலத்துக்கு, இம்முடிவு ஒரு நல்ல எச்சரிக்கை.

வேறுபடுவதை விட்டு ஒன்றுபடுவதற்கு வருவோம். அதே பல்கலைக்கழகத்தில் கெர்ன்ஸின் குழுவினர் 2009-இல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சியில், 36 பேர் சிவப்பு, நீலம் என்ற இரண்டில் ஒன்றை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவகாசம் ஒரு நிமிஷம். ஒருமனமானால் எல்லாருக்கும் காசு உண்டு. சிலருக்குச் சிவப்பு வென்றால் அதிகம், சிலருக்கு நீலம் வென்றால் அதிகம். ஒருமனமாகாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு நிறத்தை விரும்பியவர்கள் சிறுபான்மையினராக இருந்தும், வலையில் மிகுந்த பிணைப்புடைய இடங்கள் அவர்களுக்கு வாய்த்திருந்தால், அச்சிறுபான்மையின் விருப்பமே திரும்பத் திரும்ப வெற்றி பெற்றது. பெரும்பான்மையினர் யாரும் ஏமாற்றப்படவில்லை, அச்சுறுத்தப்படவும் இல்லை. தம்மைச் சுற்றிப் பார்த்தபோது தம் அண்டையாரில் பலர் எதிர்நிறத்தில் நின்றதைக் கண்டார்கள். உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எண்ணினார்கள். ஒன்றும் கிடைக்காமற் போவதைவிடக் குறைவாகக் கிடைப்பது மேல் என்று இணங்கினார்கள். ஆட்களை எண்ணினால் ஒரு கணக்கு வருகிறது, அவரவர் கண்ணில் படும் அண்டையாரை எண்ணினால் வேறொரு கணக்கு வருகிறது. பலரோடு பிணைந்த ஒருவர் பலருடைய கண்களிலும் படுவதால், அவர் ஒருவரே பலமுறை எண்ணப்படுகிறார். பொது அபிப்பிராயம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதற்குள் இந்தக் கணக்குப் பிழை எத்தனை முறை புகுந்திருக்கிறதோ!

வடிவம் இவ்வளவு வலியதாயின், அதை மாற்றாமலே அதன் தீமையைத் தணிக்க வழியுண்டா என்பது அடுத்த கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோகாஸு ஷிராடோவும் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் 2017-இல் இதற்கு எதிர்பாராத ஒரு விடை கொடுத்தார்கள். நாலாயிரம் பேர் பங்கெடுத்த அவர்களுடைய பரிசோதனையில், இருபது பேர் கொண்ட குழுக்கள் மூன்று நிறங்களால் அதே நிறந்தீட்டும் ஆட்டத்தை ஆடின. சில குழுக்களில் மூன்று இடங்களில் மனிதருக்குப் பதிலாகக் கணிப்பொறி நிரல்கள் அமர்த்தப்பட்டன. அந்நிரல்கள் பெரும்பாலும் அண்டையாரோடு மோதாத நிறத்தையே தேர்ந்தாலும், பத்தில் ஒரு பங்கு வேளைகளில் குருட்டாம்போக்காக ஏதேனும் ஒரு நிறத்துக்குத் தாவும். இவ்வாறு சற்றே தவறு செய்யும் நிரல்களை வலையின் நடுவிடங்களில் வைத்தபோது, குழுக்கள் ஆட்டத்தை முடிக்க எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் பாதிக்கும் மேல், அதாவது 55.6 சதவீதம் குறைந்தது.

தவறு எப்படி உதவ முடியும்? தம் அண்டையாரோடு மோதலின்றி அமைந்துவிட்டவர் அசைய மறுப்பார், ஏனெனில் அவரளவில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் அவர் அசையாதிருப்பதனாலேயே அப்பால் உள்ள இருவர் தீர வழியில்லாத முரணில் சிக்கியிருக்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டும் தெரு அடைபட்டுக் கிடக்கும் நிலை இது. நடுவிலிருந்து வரும் சிறு குலுக்கல் அந்தத் திருப்தியைக் கலைத்து, சிக்கலை அவிழ்க்கிறது. இதனால் அந்நிரல்களோடு நேரே பிணைந்தவர்கள் மட்டுமல்லாமல், அவற்றோடு தொடர்பே இல்லாத மனிதர்களுக்கிடையே இருந்த முரண்களும் விரைவில் தீர்ந்தன. குலுக்கல் பத்தில் மூன்றாக மிகுந்தபோது இந்நன்மை கிட்டவில்லை. அளவறிந்த குலைவே பயன் தந்தது.

இதுவரை நாம் கண்ட வலைகளில் குறுக்கிழைகள் பெரும்பாலும் நன்மையே செய்தன. ஆனால் புதிய பழக்கம் ஒன்றை மேற்கொள்வதில் மனிதர் வேறு விதமாக நடக்கிறார்கள். ஒரு செய்தியை அறிய ஒருவர் வாய்மொழி போதும். சிரமமான, சந்தேகத்துக்கிடமான பழக்கம் ஒன்றை ஏற்கவோ பலர் ஏற்றதைக் கண்ணால் காண வேண்டியிருக்கிறது. சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1978-இல் எழுதிய ஒரு கட்டுரையில் நூறு பேர் கொண்ட ஒரு கற்பனைக் கூட்டத்தை வர்ணிக்கிறார். ஒருவன் யாரும் தொடங்காவிட்டாலும் தானே கல்லெறிவான். அடுத்தவன் ஒருவன் எறிந்தபின் எறிவான். மூன்றாமவன் இருவர் எறிந்தபின். இப்படி நூறாமவன் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பின். இக்கூட்டத்தில் நூறு பேரும் கலகத்தில் இறங்கிவிடுவார்கள். இரண்டாமவனை மட்டும், இருவர் எறிந்தபின் எறியும் ஒருவனாக மாற்றிவிட்டால், முதல்வன் ஒரு கல்லை எறிந்துவிட்டுத் தனியே நிற்பான். இரண்டு கூட்டங்களின் மனோபாவத்திலும் உள்ள வேற்றுமை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஒன்றைக் கலகக் கும்பல் என்றும் மற்றதைச் சாதுவான ஜனங்கள் என்றும் மறுநாள் பத்திரிகை எழுதும்.

இக்கருத்தை டேமன் சென்டோலா என்பவர் 2010-இல் வெளியிட்ட பரிசோதனையால் வலைகளோடு இணைத்தார். உடல்நலம் பற்றிய ஓர் இணையச் சேவையில் சேர்ந்த 1,528 பேரை அவர் இரண்டு வகை வலைகளில் அமர்த்தினார். இரண்டிலும் ஒவ்வொருவருக்கும் அண்டையாரின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் ஒன்றில் என் அண்டையார் தமக்குள்ளும் அண்டையாராக இருந்தார்கள். மற்றதில் அவர்கள் தொலைவெங்கும் சிதறியிருந்தார்கள். நெருங்கிப் பின்னிய வலையில் ஏறத்தாழ 54 சதவீதத்தினரும், சிதறிய வலையில் 38 சதவீதத்தினரும் புதிய பழக்கத்தை மேற்கொண்டார்கள். பரவிய வேகமும் முன்னதிலேயே நான்கு மடங்கு. செய்தியை விரைந்து கடத்தும் நீண்ட இழைகள், நம்பிக்கையை உண்டாக்கும் மறுவலியுறுத்தலைக் கடத்த முடியாதவையாக இருந்தன. ஒரே தெருவில் நால்வர் செய்வதைப் பார்ப்பது, நாலு தேசங்களில் ஒவ்வொருவர் செய்வதைக் கேள்விப்படுவதினும் வலியது.

பரிசோதனைக் கூடத்தின் தடுப்புப் பலகைகளையும் கணிப்பொறிகளையும் விட்டு, சோறும் பசியும் பொருளாக உள்ள ஓரிடத்தில் இக்கருத்துகள் நிற்குமா என்று பார்க்க வேண்டாமா? இந்தோனேசியாவின் பாலித் தீவு அதற்கு ஓர் அரிய சான்று. அங்கே எரிமலைச் சரிவுகளில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களுக்கு ஆறுகளிலிருந்து சிறு வாய்க்கால்கள் வழியே நீர் பாய்கிறது. ஒரே மடையிலிருந்து நீர் பெறும் உழவர்கள் சேர்ந்த சங்கத்துக்கு சுபக் என்று பெயர். பல சுபக்குகள் ஒரு நீர்க்கோயிலில் கூடி, எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை முடிவு செய்கின்றன. கோயில்களுக்கெல்லாம் தலைமைக் கோயில் பத்தூர் ஏரியின் தெய்வத்துக்குரியது. மானிடவியல் அறிஞர் ஸ்டீஃபன் லான்சிங் இவர்களோடு பல்லாண்டு பழகி, இக்கோயில் வழிபாட்டுக்குள் ஒளிந்திருந்த நீர்க்கணக்கை வெளிக்கொணர்ந்தார்.

அவ்வுழவர்களுக்கு இரண்டு பகைகள். ஒன்று நீர்ப்பற்றாக்குறை: எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டால் ஆறு போதாது, ஆகவே ஒருவருக்கொருவர் காலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றொன்று புகையான் பூச்சியும் எலியும்: ஒருவர் வயல் தரிசாக இருக்கும்போது பக்கத்து வயலில் பயிர் நின்றால் அவை அங்கே குடிபெயர்ந்து பிழைத்து மீண்டு வரும், ஆகவே பரந்த பரப்பில் எல்லாரும் ஒரே சமயத்தில் அறுத்துத் தரிசாகப் போட்டு அவற்றைப் பட்டினி போட வேண்டும். நாம் மேலே கண்ட இரண்டு ஆட்டங்களும், வேறுபடும் ஆட்டமும் ஒன்றுபடும் ஆட்டமும், ஒரே வயலில் ஒரே வேளையில் நடைபெறுகின்றன. மேட்டுநிலத்தார் நீரைத் தாமே எடுத்துக்கொள்ள முடியுமாயினும், பள்ளத்தாரின் காலம் தம் காலத்தோடு பொருந்தாவிட்டால் பூச்சி தம்மைத் தாக்கும் என்பதனால் அவர்களும் இணங்கவே விரும்புகிறார்கள்.

1970-களில் புதிய நெல் வகைகளோடு வந்த பசுமைப் புரட்சித் திட்டம், இந்தப் பழைய அட்டவணையைப் பொருட்படுத்தாமல், முடிந்தபோதெல்லாம் பயிரிடுமாறு உழவர்களை ஊக்கியது. சிறிது காலம் விளைச்சல் உயர்ந்தது. பின்னர் நீர்ப்பங்கீட்டில் குழப்பமும் பூச்சிகளின் பெருக்கமும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு உழவருக்கும் அளிக்கப்பட்ட யோசனை தனித்து நோக்கின் நல்லதே. அது அறுத்தெறிந்தது உழவர்களுக்கிடையே இருந்த இழைகளை. லான்சிங்கும் சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஊஸ், பெத்தானு என்னும் இரண்டு ஆறுகளின் வழியே அமைந்த 172 சுபக்குகளைக் கணிப்பொறியில் படைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் அட்டவணையைக் கொடுத்து, ஆண்டு முடிவில் தன் அண்டையாரில் மிகுதியாக விளைந்தவரின் அட்டவணையைப் பின்பற்றுக என்ற ஒரே விதியோடு இயங்கவிட்டார்கள். யாரும் திட்டமிடாமலே, சில ஆண்டுகளில், ஒரே காலத்தில் நடும் சுபக்குகளின் திட்டுகள் தோன்றின. மொத்த விளைச்சல் உயர்ந்து நிலைபெற்றது. அத்திட்டுகளின் எல்லைகள், மெய்யான பாலியின் நீர்க்கோயில் வட்டங்களை மிகவும் ஒத்திருந்தன. எல்லாரும் ஒரே காலம் என்றிருந்தால் நீர் பற்றாது. ஒவ்வொருவரும் ஒரு காலம் என்றிருந்தால் பூச்சி விடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுண்டு. அண்டையாரைப் பார்த்து நடப்பது என்ற குறுகிய பார்வையே அந்த அளவைக் கண்டுபிடித்தது, ஏனெனில் அங்கே அண்டை என்பதை வரையறுத்தது ஆற்றின் ஓட்டம்.

ஆகவே, ஒரு கூட்டம் தடுமாறும்போது ஆட்களை மாற்றுவதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தக் காரியம் ஒன்றுபடுவதை வேண்டுகிறதா, வேறுபடுவதை வேண்டுகிறதா? விடை எங்கோ சிதறியிருந்து திரட்டப்பட வேண்டியதா, சேர்ந்து உண்டாக்கப்பட வேண்டியதா? நடுவில் இருப்பவர் தவறினால் அதைக் காணக்கூடியவர் எவரேனும் உண்டா? பலர் சொல்வதாக நாம் கேட்பது பலருடைய குரலா, பலமுறை கேட்கும் ஒருவருடைய குரலா? நீள இழைகளைச் சேர்த்தல், நடுவர் ஒருவரை ஏற்படுத்தல், எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டுதல் என்னும் பரிகாரங்களை எவ்விடத்துக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பவர்கள், ஒரு மருந்தை எல்லா நோய்க்கும் கொடுப்பவர்களே. அவை ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு மருந்தாகவும் மற்றொரு வேலைக்கு நஞ்சாகவும் இருப்பதை மேலே கண்டோம்.

இங்கே சொன்னவற்றில் ஒரு குறையும் உண்டு. லெவிட்டின் மாணவர்களும் கெர்ன்ஸின் மாணவர்களும் தமக்கு அளிக்கப்பட்ட இழைகளை அறுக்கவோ புதியவற்றைக் கட்டவோ முடியாதவர்களாக இருந்தார்கள். வாழ்க்கையில் நாம் பொருந்தாதவர்களை விட்டு விலகுகிறோம், பொருந்துபவர்களைத் தேடிப் போகிறோம். டேவிட் ராண்ட், சாமுவேல் ஆர்ப்ஸ்மன், கிறிஸ்டாகிஸ் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட பரிசோதனையில், பங்கெடுத்தவர்கள் தம் பிணைப்புகளை அடிக்கடி மாற்றிக்கொள்ள விடப்பட்டபோது ஒத்துழைப்பு தளராமல் நீடித்தது. அவ்வுரிமை இல்லாதபோதும், அரிதாகவே இருந்தபோதும் அது நாளடைவில் தேய்ந்தது. சுயநலக்காரர்கள் தனித்துவிடப்பட்டார்கள், தனித்துவிடப்படலாம் என்ற அச்சமே அவர்களில் சிலரைத் திருத்தியது. வலை மனிதரை ஆள்வதைப் போலவே மனிதரும் வலையை நெய்கிறார்கள் என்றால், இவ்விரண்டில் எது முந்தியது, எது எவ்வளவு விரைவில் மற்றதை மாற்றுகிறது என்பவை இன்னும் கடினமான கேள்விகளாகின்றன. அடுத்த அத்தியாயம் அவற்றிலிருந்து தொடங்குகிறது.